நீதிமன்றம் ‘கண்டித்த’ பரிசு: ‘பிரைஸ்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எத்தனை பொருள்?

#1 சொல்தேடி
எல்லோருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்புதான் எனக்குப் பிழைப்பு. கடல் வணிக வரலாறு பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பினேன். சரிபார்த்தவர் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டுத் திருப்பியிருக்கிறார். அந்த வரி இது:

“அக்கப்பல் நல்ல, சட்டபூர்வமான பரிசு என்று நீதிமன்றத்தால் கண்டிக்கப்பட்டது.”

மூலத்தில் ‘குட் அண்ட் லாஃபுல் பிரைஸ்’ என்றும் ‘கண்டெம்ன்ட்’ என்றும் இருக்கிறது. அகராதி பார்த்துத்தான் போட்டேன். எழுதும்போதே ஏதோ இடித்தது, கெடு நெருங்கிவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். பரிசை எதற்காக ஒரு நீதிமன்றம் கண்டிக்க வேண்டும்? சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

#2 கிறுக்கல்
பரிசும் கொடுத்து, கூடவே நாலு திட்டும் கொடுத்திருக்கிறார்கள். என் கணக்கு வாத்தியார் அப்படித்தான்.

#3 பழங்கப்பல்
சிரிக்காதீர்கள், இந்தக் குழியில் விழாதவர்கள் குறைவு.

முதலில், அது பரிசே இல்லை. போர்க்காலத்தில் எதிரியின் கப்பலையோ சரக்கையோ கடலில் பிடித்தால், பிடிபட்ட பொருளுக்குத்தான் அந்தப் பெயர். போட்டியில் வெல்கிற பிரைஸ் வேறு, இது வேறு. எழுத்து ஒன்றாகிவிட்டதே தவிர, வந்த வழி இரண்டு. போட்டிப் பரிசு, ‘விலை’ என்று பொருள்படும் ‘பிரெத்தியும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கப்பல் பிரைஸ், ‘பிடி’ என்று பொருள்படும் ‘பிரெஹெந்தெரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சர்ப்ரைஸ், என்டர்பிரைஸ், ஜெயிலைக் குறிக்கும் பிரிசன் எல்லாம் இந்த இரண்டாவது வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்தது ‘கண்டெம்ன்’. இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. ‘இது முறைப்படி பிடிக்கப்பட்டதுதான், பழைய சொந்தக்காரரின் உரிமை இத்தோடு அற்றுப்போனது’ என்று நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு அந்தப் பெயர். இதற்கென்றே பிரைஸ் நீதிமன்றங்கள் இருந்தன.

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: பிடித்தவுடன் கப்பல் பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது. துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கப்பலின் காகிதங்களை அப்படியே ஒப்படைக்க வேண்டும். மாலுமிகளிடம் முன்பே அச்சிட்டு வைத்த கேள்விகளைக் கேட்டு வாக்குமூலம் வாங்குவார்கள். வழக்கு ஆள் மீது இல்லை, கப்பல் மீது. சரக்கில் எனக்குப் பங்கு உண்டு என்பவர் முன்வந்து நிரூபிக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை அது வெறும் பிடிபட்ட கப்பல்தான்.

1898இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் மோதியபோது பக்கேத்தே ஹபானா, லோலா என்று இரண்டு கியூபா மீன்பிடிப் படகுகளை அமெரிக்கக் கடற்படை பிடித்தது. பக்கேத்தே ஹபானாவில் மூன்றே பேர். ஏறக்குறைய 40 குவிண்டால் உயிர்மீனோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மறித்து நிறுத்தும்வரை போர் மூண்டதே அவர்களுக்குத் தெரியாது. புளோரிடாவின் கீ வெஸ்டில் இருந்த நீதிமன்றம் இரண்டையும் பிரைஸ் என்று தீர்த்து ஏலம் விட்டது. ஒன்று 490 டாலருக்கும் மற்றது 800 டாலருக்கும் போயின. 1900இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. கரையோரம் மீன் பிடித்துப் பிழைப்பவர்களின் படகைப் போரில் பிடிப்பதில்லை என்பது நாடுகளின் நெடுங்கால வழக்கம், அந்த வழக்கம் அமெரிக்காவையும் கட்டும் என்றது. ஏலப் பணத்தை நஷ்ட ஈட்டோடு சொந்தக்காரர்களிடம் கொடுக்கச் சொன்னது.

உங்கள் வாக்கியத்தில் இருக்கும் ‘லாஃபுல்’ சும்மா ஒட்டவைத்த அடைமொழி இல்லை. வழக்கு முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

#4 சொல்தேடி
தலை சுற்றுகிறது. அப்படியானால் ‘பிரைஸ் மணி’? நான் ‘பரிசுத் தொகை’ என்று பதினான்கு இடத்தில் போட்டிருக்கிறேன்.

#5 பழங்கப்பல்
பதினான்கையும் மாற்றுங்கள். கப்பலும் சரக்கும் விற்ற பணத்தில் பிடித்தவர்களுக்குக் கிடைக்கும் பங்கு அது. பிரிட்டனில் 1708ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசு தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அதன்பின் பணம் பிடித்த கப்பலின் ஆட்களுக்கே போயிற்று, ஆனால் சமமாக இல்லை. எட்டுக் கூறு போட்டு, மூன்று கூறு கேப்டனுக்கு. மேலே தளபதி இருந்தால் அதில் ஒன்று அவருக்கு. சாதாரண மாலுமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு கூறு. 1762இல் ஹெர்மியோன் என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடித்த இரண்டு கேப்டன்களுக்கும் தலைக்கு ஏறக்குறைய 65,000 பவுண்டு கிடைத்தது. மாலுமிக்கு 485 பவுண்டு. அந்த 485கூட அவன் பல ஆண்டுச் சம்பளத்துக்கு மேலே. பணத்துக்காகவே ஆட்கள் கடற்படையில் சேர்ந்தார்கள் என்றால் நம்பலாம்.

அமெரிக்கா 1899இல் இந்த முறையை ஒழித்தது. பிரிட்டன் 1948வரை இழுத்தது.

இன்னொரு எச்சரிக்கை. அதே அத்தியாயத்தில் ‘ஹெட் மணி’ வரலாம். அது கப்பலை விற்ற பணம் இல்லை. மூழ்கடித்த அல்லது பிடித்த எதிரிக் கப்பலில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தது. தரையில் பிடித்தால் அது பிரைஸே கிடையாது, ‘பூட்டி’. 1857 கிளர்ச்சியின்போது பாந்தாவிலும் கிர்வியிலும் பிரிட்டிஷ் படை அள்ளிய செல்வத்தை எந்தப் படைப்பிரிவு எப்படிப் பங்கிடுவது என்று 1866இல் லண்டன் கடல்துறை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கடலே இல்லாத ஊர்களின் சண்டைக்குக் கடல்துறை நீதிமன்றம்.

#6 கிறுக்கல்
அண்ணே, இதெல்லாம் செத்துப்போன சட்டம்தானே? கடற்கொள்ளைக்காரனுக்குக் கோட்டு போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

#7 பழங்கப்பல்
தனியார் கப்பலுக்கு உரிமச் சீட்டு கொடுத்து எதிரியைப் பிடிக்க அனுப்பும் வழக்கம் 1856 பாரிஸ் பிரகடனத்தோடு ஒழிந்தது. அமெரிக்கா அதில் கையெழுத்திடவில்லை என்பது வேறு கதை, அந்த உரிமச் சீட்டு வழங்கும் அதிகாரம் இன்றும் அவர்கள் அரசியலமைப்பில் இருக்கிறது. நாடுகளுக்குப் பொதுவாக ஒரு பிரைஸ் நீதிமன்றம் வைக்க 1907இல் ஹேக்கில் ஒப்பந்தம் எழுதினார்கள், நடைமுறைக்கே வரவில்லை.

ஆனால் செத்துவிடவில்லை. 2012 அக்டோபரில் காசாவை நோக்கிப் போன எஸ்டெல் கப்பலை இஸ்ரேல் கடற்படை பிடித்தது. அதைப் பறிமுதல் செய்யச் சொல்லி அரசு ஹைஃபா நீதிமன்றத்துக்குப் போனது மறு ஆண்டுதான். பிரைஸ் நீதிமன்றமாக அமர்ந்த ஹைஃபா, 2014இல் மறுத்துவிட்டது. பிடித்தால் உடனே நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும், இவ்வளவு தாமதம் ஆகாது என்பது காரணம். பயன்பட்ட சட்டங்களில் ஒன்று 1864ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைப் பிரைஸ் சட்டம்.

#8 வாய்தா
பழங்கப்பல் நன்றாகச் சொன்னார். ஆனால் ‘கப்பல்தான் சிக்கல், போட்டிப் பரிசு எல்லோருக்கும் தெரிந்ததுதான்’ என்ற தொனிக்கு நான் உடன்படமாட்டேன். வக்கீலாகச் சொல்கிறேன், எங்களுக்கு அதிகத் தலைவலி கொடுப்பது இந்த இரண்டாவது பிரைஸ்தான். பரிசா பந்தயமா, பரிசா லாட்டரியா, பரிசா வெகுமதியா, பரிசா நன்கொடையா? நான்கு கேள்விக்கும் வேறு வேறு சட்டம்.

பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். லாஸ் வேகாஸில் ஒரு கோல்ஃப் மைதானம். 50 சென்ட் கட்டி ஆடலாம், ஒரே அடியில் பந்து குழிக்குள் போனால் 5,000 டாலர். ஒருவர் போட்டுவிட்டார். மைதானக்காரர்கள் ‘இது சூதாட்டம், சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது’ என்று கையை விரித்தார்கள். 1961இல் நெவாடா உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சொன்ன அளவுகோல் எனக்குப் பிடித்தமானது: பரிசு கொடுப்பவருக்கு அதைத் திரும்ப ஜெயிக்க வழியே கிடையாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் கொடுத்துத் தீர வேண்டும். பந்தயத்தில் இரண்டு பக்கமும் ஜெயிக்கவும் தோற்கவும் வாய்ப்பு உண்டு.

#9 கிறுக்கல்
அக்கா, 50 சென்ட் வாங்கினார்களே? ஆயிரம் பேர் கட்டி ஒருவரும் போடவில்லை என்றால் மைதானக்காரருக்கு லாபம்தானே. அது ஜெயிப்பது இல்லையா?

#10 வாய்தா
நல்ல இடத்தில் பிடித்தாய். அந்த 50 சென்ட் பந்து போனாலும் போகாவிட்டாலும் மைதானக்காரருக்கே. நுழைவுக் கட்டணம், அவ்வளவுதான். 5,000 டாலர் முன்னாலேயே நிச்சயிக்கப்பட்ட தொகை, பத்துப் பேர் ஆடினாலும் பத்தாயிரம் பேர் ஆடினாலும் மாறாது. கட்டிய பணத்தையெல்லாம் ஒரு பானையில் போட்டு ஜெயித்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றால், அங்கே பரிசு போய்ப் பந்தயப் பணம் வந்துவிடும்.

இன்னொரு கோல்ஃப் கதையும் உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு கார் வியாபாரி, தர்மப் போட்டி ஒன்றுக்காக, ஒன்பதாவது குழியில் ஒரே அடியில் பந்தைப் போடுபவருக்கு இந்தக் கார் என்று எழுதி வைத்தார். போட்டி முடிந்தது, பலகையை எடுக்க மறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வேறொரு போட்டியில் ஆட வந்தவர், பலகையைப் பார்த்தார், அடித்தார், ஒரே அடியில் போயிற்று. கார் அவருக்கே என்று 1989இல் தீர்ப்பு. உன் மனதில் என்ன இருந்தது என்பது பேச்சில்லை, பலகையில் என்ன இருந்தது என்பதுதான் பேச்சு.

#11 பிக்ஸல்
வாய்தா அக்கா, கேம்களில் வரும் லூட் பாக்ஸ் எதில் சேரும்? காசு கட்டிப் பெட்டி வாங்குவோம், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. நானே ஒரு வாள் ‘ஸ்கின்’னுக்காக, அதாவது வாளின் தோற்றத்தை மாற்றும் அலங்காரத்துக்காக, பதினேழு பெட்டி உடைத்திருக்கிறேன். பதினேழாவதிலும் அதே பச்சைத் தொப்பி.

#12 வாய்தா
உன் பச்சைத் தொப்பி சட்டக் கல்லூரித் தேர்வுக்கே வரலாம்.

லாட்டரி என்றால் பல நாடுகளில் மூன்று காலில் நிற்கும்: பரிசு, அதிர்ஷ்டம், கட்டணம். ஒரு காலை ஒடித்தால் விழுந்துவிடும். ‘வாங்க வேண்டியதில்லை, எழுதிப் போட்டாலே போதும்’ என்று விளம்பரங்களில் பொடி எழுத்தில் வருவது, கட்டணம் என்ற காலை ஒடிக்க. கனடாவில் குலுக்கலில் பெயர் வந்தவரிடம் ஒரு பெருக்கல் வகுத்தல் கணக்குக் கேட்பார்கள். அது அதிர்ஷ்டம் என்ற காலை ஒடிக்க. ‘கணக்குப் போட்டாரே, திறமைதானே’ என்று வாதம்.

லூட் பாக்ஸில் கட்டணம் உண்டு, அதிர்ஷ்டம் உண்டு. ஆகவே சண்டை முழுக்க ‘தொப்பி பரிசா?’ என்பதில். இங்கிலாந்தின் 2005 சூதாட்டச் சட்டத்தைப் பாருங்கள், ஒரே சட்டத்துக்குள் ‘பிரைஸ்’ இரண்டு விதம். ஆறாவது பிரிவில், ஆட்டங்களுக்கு, பிரைஸ் என்றால் பணம் அல்லது பண மதிப்புள்ளது. பதினான்காவது பிரிவில், லாட்டரிக்கு, பணமோ பொருளோ சேவையோ எதுவானாலும், ‘பரிசு’ என்று பெயர் சொல்லாவிட்டாலும் சேரும். தொப்பியை விற்றுக் காசாக்க முடியாது என்றால் ஆறாவது பிரிவில் அது பரிசு இல்லை என்பதே அங்குள்ள சூதாட்ட ஆணையத்தின் நிலைப்பாடாக இருந்தது. பெல்ஜியம் 2018இல் நேரெதிராகப் போய்ச் சில கேம்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. நெதர்லாந்தில் ஒரு பெரிய கேம் நிறுவனத்துக்குப் போட்ட ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022இல் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது.

#13 பிக்ஸல்
அதாவது நான் பதினேழு தடவை தோற்றது சூதாட்டத்திலா இல்லையா என்பது நான் எந்த நாட்டில் உட்கார்ந்து தோற்றேன் என்பதைப் பொறுத்தது.

#14 சொல்தேடி
‘ரிவார்டு’ என்பதை வெகுமதி என்று போடலாமா? அதுவும் நூலில் வருகிறது, ஓடிப்போன மாலுமியைப் பிடித்துக் கொடுத்தால் இவ்வளவு என்று.

#15 வாய்தா
போடலாம், ஆனால் சட்டத்தில் அது அன்பளிப்பு இல்லை. ‘இதைச் செய்பவருக்கு இவ்வளவு’ என்று ஊருக்கே விடும் ஒப்பந்த அழைப்பு. செய்து முடித்தால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அழைப்பே தெரியாமல் செய்தால்? 1913இல் அலகாபாத்தில் வந்த வழக்கு. காணாமல் போன பையனைத் தேட முதலாளி தன் ஊழியரை அனுப்புகிறார். ஊழியர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று நோட்டீஸ் அடிக்கிறார். ஊழியர் பையனைக் கண்டுபிடித்து அழைத்து வருகிறார், நோட்டீஸ் விஷயம் பிறகுதான் தெரியவருகிறது. கேட்டால் கிடைக்கவில்லை. தெரியாத அழைப்பை ஏற்க முடியாது, தேடுவது ஏற்கெனவே அவர் வேலை என்று முடிந்தது. எனக்கு அந்த ஊழியர் மீது இன்றும் இரக்கம்தான்.

‘அவார்டு’ வந்தால் ஜாக்கிரதை. நடுவர் மன்றத் தீர்ப்புக்கும் அதே சொல். ‘நடுவர் விருது’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். தோற்றவர் அதை எந்த அலமாரியில் வைப்பாராம்?

#16 ஏட்டுச்சுவடி
தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டம் எனக்குத் தெரியாது, சொல் பற்றி மட்டும்.

‘பிடி’ என்ற வினையிலிருந்து பிடிபட்ட பொருளுக்குப் பெயர் வந்ததாகப் பழங்கப்பல் சொன்னார். தமிழிலும் அச்சாக அப்படி ஒரு சொல் உண்டு. ‘கொள்’ என்பதிலிருந்து வந்த ‘கொண்டி’. பகைவரிடமிருந்து கொண்டது. பட்டினப்பாலையில் ‘கொண்டி மகளிர்’ என்று வருவதற்குப் போரில் பிடித்து வரப்பட்ட பெண்கள் என்றுதான் பொருள் சொல்வார்கள். ‘கொண்டிக் கப்பல்’ என்று எழுதிப் பாருங்களேன்.

வாய்தா அம்மா கேட்ட ‘பரிசா நன்கொடையா’ என்ற கேள்வியையும் ஒரு புலவர் கேட்டுவிட்டார். புறநானூறு 208. பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமானிடம் போகிறார். அவன் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்து அனுப்புகிறான். இவர் வாங்க மறுக்கிறார், ‘யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று. தினையளவு ஆனாலும் என் தகுதி அறிந்து கொடு என்கிறார். அறியாமல் கொடுத்தால் அது விலை.

கடைசியாக ஒன்று. ‘கண்டித்தல்’ என்பதற்குத் துண்டித்தல் என்ற பொருளும் உண்டு. சொந்தக்காரர் உரிமையைத் துண்டித்தார்கள் என்று கொண்டால், சொல்தேடி அறியாமலே சரியாக எழுதிவிட்டார்!

#17 வாய்தா
ஐயா, அந்த வரி என் மேஜையில் ஒட்டிவைக்க வேண்டியது. அமெரிக்காவில் இதே கேள்வி வரி வழக்காக வந்திருக்கிறது. லெராய் ராபர்ட்சன் என்ற இசையமைப்பாளர் 1930களில் ஒரு சிம்ஃபொனி எழுதி வைத்திருந்தார். 1945இல் ஒரு செல்வந்தர் போட்டி அறிவித்தார், இவர் பழைய படைப்பை அனுப்பி 25,000 டாலர் வென்றார். ‘இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு, வருமானம் இல்லை’ என்றார். 1952இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. போட்டிக்கு அனுப்பியதும் ஒப்பந்தம் பிறந்துவிட்டது, ஒப்பந்தக் கடனைத் தீர்ப்பது எந்த வகையிலும் நன்கொடை ஆகாது என்றது. ஐயாவின் பாட்டோடு சேர்த்துப் படித்தால் ராபர்ட்சன் வாணிகப் பரிசிலர்.

1986க்குப் பிறகு அங்கே நோபல் பரிசுக்கும் வரி உண்டு. கையில் வாங்காமல் நேரே தர்மத்துக்குத் திருப்பிவிட்டால்தான் விலக்கு.

#18 பழங்கப்பல்
ஐயா சொன்ன கொண்டி அழகான சொல், ஆனால் எனக்கு ஒரு தயக்கம். கொண்டியில் நீதிமன்றம் இல்லை. அரசன் கொண்டான், அத்தோடு முடிந்தது. பிரைஸ் சட்டம் முழுக்க ‘கொண்டால் மட்டும் போதாது’ என்பதுதான். ‘கொண்டிக் கப்பல்’ என்றால் வாசகர் கொள்ளைக் கப்பல் என்றே நினைப்பார்.

#19 ஏட்டுச்சுவடி
நியாயம். அப்படியானால் கொண்டியைப் பிடித்த நிலைக்கு வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குப் பிந்திய நிலைக்கு வேறு சொல் தேடலாமே? இரண்டு நிலை, இரண்டு சொல்.

#20 வாய்தா
வழக்காடும் தமிழில் ‘போர்க் கைப்பற்று’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. தீர்ப்புக்கு ‘பறிமுதல் செய்து தீர்ப்பளித்தது’. அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் சிவப்புக் கோடு வராது.

#21 சொல்தேடி
எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்:

“அக்கப்பல் போரில் முறைப்படி கைப்பற்றப்பட்டதே என்று பிரைஸ் நீதிமன்றம் முடிவு செய்து, அதைப் பறிமுதல் செய்து தீர்ப்பளித்தது.”

முதல் முறை வரும் இடத்தில் பிரைஸ் நீதிமன்றம் என்றால் என்ன என்று ஒரு வரி விளக்கம். ‘பிரைஸ் மணி’ பதினான்கு இடத்திலும் ‘கைப்பற்றுப் பங்கு’. ஐயாவின் கொண்டியை அத்தியாயத் தலைப்பில் வைத்துக்கொள்கிறேன், அங்கே யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

#22 பழங்கப்பல்
நன்று. ஐந்தாம் அத்தியாயம் அனுப்பும் முன் ‘பிரைஸ் குரூ’ எங்காவது வருகிறதா என்று தேடிவிடுங்கள். பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்கு ஓட்டிவர அதில் ஏற்றி அனுப்பும் ஆட்கள் அவர்கள்.

#23 சொல்தேடி
தேடினேன். ஆறு இடம். “பரிசு பெற்ற பணியாளர்கள் எதிரிக் கப்பலில் ஏறினர்.”

#24 கிறுக்கல்
மாலையோடு ஏறினார்களா?